உடம்புக்குள் கல் சேர்க்கும் நுண்பாசி: மெக்சிகோ ஏரியில் கிடைத்த ‘குளோயோமார்கரிட்டா’ ஏன் இவ்வளவு முக்கியம்?

போர் தண்ணீர் வரும் வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளையாக ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்போம். அதில் பெரும்பகுதி நாம் சமைக்கும் உப்பு இல்லை, கால்சியம் கார்பனேட். பேச்சு வழக்கில் சொன்னால் சுண்ணாம்பு. முட்டை ஓடு, கிளிஞ்சல், பவளப்பாறை எல்லாமே முக்கியமாக இதே பொருள்தான்.

ஏரி, குளங்களில் வாழும் நுண்பாசிகளும் சுண்ணாம்பு உருவாக்கும் என்பது பழைய செய்தி. ஆனால் அந்தச் சுண்ணாம்பு பாசியின் உடம்புக்கு வெளியேதான் படியும் என்று விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 2012-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. மெக்சிகோவில் உள்ள ஓர் எரிமலை ஏரியிலிருந்து எடுத்துவரப்பட்ட பாறைத் துண்டுகளில், சுண்ணாம்பு உருண்டைகளைச் செல்லுக்குள்ளேயே சேர்த்துவைக்கும் ஒரு புது உயிரினம் கிடைத்தது. அதன் பெயர் குளோயோமார்கரிட்டா லித்தோஃபோரா.

ஒரு பாசிக்கு உள்ளே கல் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அணுக்கழிவு கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்வதிலிருந்து, நம் வீட்டு முருங்கை இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்பது வரை பல கேள்விகள் இந்த ஒரு செல்லில் வந்து சேர்கின்றன.

பாசி எப்படிச் சுண்ணாம்பு செய்கிறது?

தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனில் பெரும்பகுதி பைகார்பனேட் வடிவத்தில் இருக்கும். ஒளிச்சேர்க்கைக்காகப் பாசி இதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்போது செல்லைச் சுற்றியுள்ள தண்ணீரின் காரத்தன்மை கூடுகிறது. தண்ணீரில் ஏற்கெனவே போதுமான கால்சியம் இருந்தால், அது கார்பனேட்டுடன் சேர்ந்து செல்லின் மேற்பரப்பில் படிகமாகப் படியும். ஹீட்டர் கம்பியில் சூட்டினால் நடப்பது, இங்கே ஒளிச்சேர்க்கையால் நடக்கிறது.

இதில் பாசியின் ‘விருப்பம்’ என்று எதுவும் இல்லை. சாப்பிடும்போது சிந்துவது மாதிரி, தன் வேலையைச் செய்யும்போது பக்கத்தில் சுண்ணாம்பு விழுகிறது, அவ்வளவுதான். பூமியின் மிகப் பழைய உயிர்த் தடயங்களில் ஒன்றான ஸ்ட்ரோமடோலைட் பாறைகளும் இப்படி நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து உருவானவைதான். அவற்றில் பழையவற்றின் வயது சுமார் 350 கோடி ஆண்டுகள்.

எங்கே கிடைத்தது?

மெக்சிகோவின் புயெப்லா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது அல்சிச்சிக்கா ஏரி. எரிமலை வெடிப்பால் உண்டான பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறி நிரம்பிய ஏரி இது. சுமார் 60 மீட்டர் ஆழம். தண்ணீர் நல்ல காரத்தன்மை கொண்டது. பி.எச். அளவு 9-ஐ ஒட்டியிருக்கும்.

இந்த ஏரியின் அடையாளமே கரையோரம் நிற்கும் வெண்மையான பாறைகள்தான். பவளப்பாறை போலத் தெரியும். ஆனால் அவற்றைக் கட்டியது பவளப் பூச்சி இல்லை, நுண்ணுயிர்கள். இவற்றை ‘நுண்ணுயிர்ப் பாறை’ எனலாம். பழைய ஸ்ட்ரோமடோலைட்டுகளின் உயிருள்ள உறவினர்கள் என்பதால் உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் இங்கே வருகிறார்கள்.

பிரான்ஸ் ஆய்வாளர்கள் குழு ஒன்று இங்கிருந்து எடுத்துச் சென்ற பாறைத் துண்டுகளை ஆய்வகத்தில் மீன் தொட்டிகளில் வைத்து வளர்த்தது. தொட்டியில் படர்ந்த பச்சைப் படலத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அந்த ஆச்சரியம் தெரிந்தது. எஸ்டெல் குராடோ, கரீம் பென்செரரா, டேவிட் மொரெய்ரா, பூரிஃபிகசியோன் லோபெஸ்-கார்சியா உள்ளிட்டோரின் ஆய்வுக் கட்டுரை 2012 ஏப்ரலில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

செல்லுக்குள் என்ன இருந்தது?

குளோயோமார்கரிட்டா ஒரு குச்சி வடிவ செல். நீளம் சுமார் 4 மைக்ரோமீட்டர், அகலம் சுமார் 1 மைக்ரோமீட்டர். 20 செல்களை வரிசையாகத் தலை-வால் வைத்து அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

இவ்வளவு சின்ன உடம்புக்குள் வட்ட வட்டமாகப் பல உருண்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கால்சியம் மட்டும் இல்லாமல் மக்னீசியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவையும் கலந்த கார்பனேட் அவை. அதுவும் படிகமாக இல்லை. கற்கண்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கற்கண்டில் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கும், கண்ணாடியில் வரிசை இருக்காது. இந்த உருண்டைகள் கண்ணாடி ரகம்.

இதில் இரண்டு விஷயங்கள் வினோதமானவை. ஒன்று, எந்த செல்லும் தனக்குள் கால்சியத்தைத் தாறுமாறாகச் சேர விடாது. கால்சியம் செல்லுக்குள் சமிக்ஞை வேலை பார்க்கும் பொருள், அளவு கூடினால் ஆபத்து. அப்படியிருக்க, இது கால்சியத்தை உருண்டை பிடித்துவைக்கிறது. இதற்கென செல்லுக்குள் தனி உறை ஒன்று இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது, வெளியே இருக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு தானாகப் படிய வாய்ப்பே இல்லாத நிலையிலும், இது உள்ளே உருண்டை பிடிக்கிறது. அதாவது இங்கே சுண்ணாம்பு ‘சிந்துவது’ இல்லை. செல் தன் சக்தியைச் செலவழித்துச் செய்யும் வேலை. கால்சியத்தைக் குறைத்துக் கொடுத்தால் இதன் வளர்ச்சியும் குறைகிறது.

எதற்காக இவ்வளவு மெனக்கெடல்? இதற்கு இன்னும் ஒரே முடிவான பதில் இல்லை. உடம்பின் எடையைக் கூட்டி அடித்தரையில் ஒட்டிக்கொள்ள உதவலாம், ஒளிச்சேர்க்கைக்கான கார்பனைச் சேமிக்கும் பெட்டியாக இருக்கலாம், செல்லுக்குள் அமில-காரச் சமநிலையைப் பேணலாம் என்று பல கருத்துகள் ஆய்வாளர்களிடையே இருக்கின்றன.

இது பாசியா, பாக்டீரியாவா?

ரெண்டும்தான். குளோயோமார்கரிட்டா, சயனோபாக்டீரியா என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் ‘நீலப்பச்சைப் பாசி’ என்று படித்திருப்போம். செல்லுக்குள் உட்கரு கிடையாது என்பதால் பாக்டீரியா. ஆனால் செடி மாதிரியே சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜன் விடும் என்பதால், பாசியியல் ஆய்வாளர்களும் காலங்காலமாக இதைத் தங்கள் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இந்த இரட்டை வாழ்க்கை பெயர் வைப்பதிலும் தொடர்கிறது. பாக்டீரியாக்களுக்குப் பெயரிட ஒரு சர்வதேச விதித்தொகுப்பும், பாசி, பூஞ்சை, தாவரங்களுக்குப் பெயரிட இன்னொன்றும் இருக்கின்றன. சயனோபாக்டீரியாவுக்கு இரண்டிலும் இடம் உண்டு.

பெயர் வைக்க ஏன் 5 வருஷம்?

2012 கட்டுரையில் இதன் பெயருக்கு முன்னால் ‘கேண்டிடேட்டஸ்’ என்ற ஒட்டு இருந்தது. ‘வேட்பாளர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘இப்படி ஒரு உயிரினம் இருப்பது உறுதி, ஆனால் முறைப்படி விவரிக்கும் வேலை முடியவில்லை’ என்பதற்கான தற்காலிகப் பட்டம் அது.

ஒரு நுண்ணுயிரைப் புதிய இனம் என்று பதிவு செய்ய ‘நான் பார்த்தேன்’ என்றால் போதாது. தொட்டியில் ஆயிரம் உயிர்களோடு கலந்து கிடப்பதிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வளர்க்க வேண்டும். வடிவம், அளவு, நிறமிகள், கொழுப்பு அமிலங்கள், எந்த வெப்பத்தில் வளர்கிறது என்பதையெல்லாம் அளக்க வேண்டும். மரபணு வரிசையைப் படித்து, உறவினர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்ட வேண்டும். நாளைக்கு வேறொரு ஆய்வாளர் கேட்டால் கொடுப்பதற்கு, பொதுச் சேகரிப்பு மையத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையில் கண்ணும் கையும்தான் பிரதானம். நுண்ணோக்கியில் தெரிவதை அளந்து, வரைந்து, வகைப்படுத்துவார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியல் அறிஞர் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ என்ற நூல் அந்த மரபில் வந்தது. நீலப்பச்சைப் பாசிகளை அடையாளம் காண இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் நூல். ஆனால் குளோயோமார்கரிட்டா விஷயத்தில் வடிவத்தை மட்டும் நம்பியிருந்தால், ‘இன்னொரு சாதாரண குச்சிப் பாசி’ என்று கடந்து போயிருப்பார்கள். மரபணுதான் அதன் முகவரியைச் சொன்னது.

2017-ல் முறையான விவரிப்பு வெளியானது. ‘கேண்டிடேட்டஸ்’ ஒட்டு போனது. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம், அதற்கு மேலே ‘குளோயோமார்கரிட்டேல்ஸ்’ என்ற புதிய வரிசையே முன்மொழியப்பட்டது. பாலூட்டிகளில் இதற்கு ஒப்பிட வேண்டுமென்றால், புதிதாக ஒரு பூனை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. யானைகளை முதல்முறையாகக் கண்டுபிடித்தது மாதிரி.

பெயரின் பொருளும் அழகு. கிரேக்கத்தில் ‘குளோயா’ என்றால் பசை, லத்தீனில் ‘மார்கரிட்டா’ என்றால் முத்து, ‘லித்தோஃபோரா’ என்றால் கல்லைச் சுமப்பது. பசையோடு கூடிய, கல் சுமக்கும் முத்து.

இத்தனை நாள் யார் கண்ணிலும் ஏன் படவில்லை?

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் செல்லைப் பதப்படுத்தும் வழக்கமான முறைகளில் ரசாயனங்கள் பயன்படுகின்றன. படிகமாக இல்லாத சுண்ணாம்பு சுலபத்தில் கரைந்துவிடும். ஆய்வாளர் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் நேரத்தில் உருண்டை போய்விட்டிருக்கும், வெறும் ஓட்டைதான் தெரியும். அப்படியே தப்பித்தாலும், செல்களில் சாதாரணமாக இருக்கும் பாஸ்பேட் துகள் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம்.

தேடத் தெரிந்ததும் நிறையக் கிடைக்கத் தொடங்கியது. 2014-ல் 68 சயனோபாக்டீரியா வகைகளைச் சோதித்ததில் 8-ல் உள்சுண்ணாம்பு இருந்தது. இவற்றில் பல, ஆய்வகங்களில் பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்தவை. குளத்துத் தண்ணீரைப் பச்சை பெயின்ட் ஊற்றியது போல ஆக்கும் மைக்ரோசிஸ்டிஸ் பாசியிலும் இந்தத் திறமை பரவலாக இருப்பது பிறகு தெரியவந்தது. உள்சுண்ணாம்பு செய்யும் சயனோபாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் ஒரு மரபணுவும் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அது தயாரிக்கும் புரதத்துக்குக் ‘கால்சியானின்’ என்று பெயர். இனி நுண்ணோக்கியில் பார்க்காமலே, மரபணு வரிசையைக் கணினியில் தேடியே ‘இதற்குள் கல் இருக்கும்’ என்று ஊகிக்கலாம்.

சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில் உள்ள ஜெனீவா ஏரியில் இதே கதை வேறு பாத்திரத்தோடு நடந்தது. அங்கே வாழும் டெட்ராசெல்மிஸ் கார்டிஃபார்மிஸ் ஒரு நன்னீர்ப் பச்சைப் பாசி, பாக்டீரியா இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிவியலுக்குத் தெரிந்த இனம். அதன் செல்லுக்குள் ஸ்ட்ரான்சியம் செறிந்த சுண்ணாம்பு உருண்டைகள் இருப்பது 2017-ல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘நுண்முத்து’. இதே பேரினத்தின் கடல் வகைகள், சிப்பி, இறால் குஞ்சுகளுக்குத் தீவனமாகப் பல நாடுகளில் வளர்க்கப்படுகின்றன. அவற்றிலும் நுண்முத்துகள் கிடைத்தன.

முருங்கை இலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செடிகளுக்குப் பச்சை நிறம் தருவது செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம். அது ஒரு காலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த சயனோபாக்டீரியா. 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல் அதை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே குடிவைத்துக்கொண்டது. இது உயிரியலில் இன்று உறுதியான முடிவு. ஆனால் விழுங்கப்பட்டது எந்த வகை சயனோபாக்டீரியா என்பதில் நீண்ட நாள் சர்ச்சை இருந்தது.

2017-ல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வந்த ஆய்வு, பசுங்கணிகத்தின் மரபணுக்களை சயனோபாக்டீரியாக்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டது. இன்று உயிரோடு இருப்பவற்றில் பசுங்கணிகத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று அது கைகாட்டியது குளோயோமார்கரிட்டாவைத்தான்.

கவனிக்க: குளோயோமார்கரிட்டாவே செடிகளின் முன்னோர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு பாட்டி இருந்தாள் என்றுதான் அர்த்தம். பசுங்கணிகம் செல்லுக்குள் குடிபோன தங்கை என்றால், குளோயோமார்கரிட்டா வெளியிலேயே தங்கிவிட்ட அக்கா வழி.

இன்னொரு முக்கியமான சேதியும் இதில் உண்டு. குளோயோமார்கரிட்டாவின் சொந்தபந்தங்கள் நன்னீர்ப் பகுதிகள், வெந்நீர் ஊற்றுகள் போன்ற நிலப்பரப்பு நீர்நிலைகளில்தான் கிடைத்திருக்கின்றன, கடலில் இல்லை. ஆக, காடுகளுக்கும் வயல்களுக்கும் தொடக்கப் புள்ளியான அந்த ‘விழுங்கல்’ கடலில் இல்லாமல், ஏதோ ஒரு ஏரியிலோ குளத்திலோ நடந்திருக்க வேண்டும் என்கிறது அந்த ஆய்வு.

அணுக்கழிவைச் சுத்தம் செய்யுமா?

ஸ்ட்ரான்சியம்-90 என்பது அணு உலைகளிலும் அணுகுண்டு வெடிப்பிலும் உண்டாகும் கதிரியக்கப் பொருள். வேதியியல் குணத்தில் கால்சியத்தின் தம்பி. உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பால் வழியாகவோ தண்ணீர் வழியாகவோ உள்ளே போனால், கால்சியம் என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவிடும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து இதைத்தான் அளந்தார்கள். வளிமண்டலத்தில் அணுகுண்டு சோதனை கூடாது என்ற 1963 உடன்பாட்டுக்கான பொதுக் கருத்தை உருவாக்கியதில் அந்தப் பற்களுக்கும் பங்கு உண்டு.

இதன் அரை ஆயுள் சுமார் 29 ஆண்டுகள். 1986 செர்னோபில் விபத்தில் வெளியானதில் பாதி குறையவே 2015 வரை ஆனது. தண்ணீரிலிருந்து இதைப் பிரிப்பதும் கஷ்டம். காரணம், தண்ணீரில் இதைவிட மிக மிக அதிகமாகக் கால்சியம் இருக்கும். வடிகட்டும் பொருள் எதுவானாலும் முதலில் கால்சியத்தால் நிரம்பிவிடும்.

குளோயோமார்கரிட்டாவின் விசேஷமே இங்குதான். பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் மூன்றும் ஒன்றாக இருக்கும் தண்ணீரில் விட்டால், அது முதலில் பேரியத்தையும் அடுத்து ஸ்ட்ரான்சியத்தையும் எடுக்கிறது. எங்கும் கொட்டிக்கிடக்கும் கால்சியத்துக்குக் கடைசி இடம்தான். 2019-ல் வெளியான ஆய்வில், கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90-ஐயும் ரேடியம்-226-ஐயும் கரைசலிலிருந்து இது திறம்பட உள்ளிழுத்துக்கொண்டது நிரூபிக்கப்பட்டது. ரேடியம்-226-ன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும்.

ஆனால் ‘பாசியே அணுக்கழிவைத் தின்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். கதிரியக்கத்தை எந்த உயிராலும் அழிக்க முடியாது. பாசி செய்வது, ஏராளமான தண்ணீரில் பரவிக்கிடப்பதைக் கொஞ்சமான செல்களுக்குள் ஒன்றுசேர்ப்பது. பிறகு அந்தச் செல்களைப் பிரித்தெடுத்துப் பாதுகாப்பாக வைத்தாக வேண்டும். இதுவரை நடந்தவை ஆய்வகச் சோதனைகள். நிஜக் கழிவுநீரில், பெரிய அளவில், செலவு கட்டுப்படியாகும் விதத்தில் வளர்ப்பது வேறு சவால்.

அப்போ கார்பனைக் குறைக்குமா?

கார்பனைக் கல்லாக்குகிறதென்றால் புவி வெப்பமாதலுக்கு மருந்தாச்சே என்று தோன்றும். கணக்கு அவ்வளவு நேரடி இல்லை. இரண்டு பைகார்பனேட்டிலிருந்து ஒரு கால்சியம் கார்பனேட் உருவாகும்போது, கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடும் வெளியாகும். ஒன்றைப் பூட்டும்போது ஒன்று விடுபடுகிறது. விடுபட்டதைப் பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனாலும் பாசி இறந்ததும் படிகமற்ற சுண்ணாம்பு சுலபத்தில் கரையும் என்பதால், எவ்வளவு நிரந்தரமாகப் பூட்டப்படுகிறது என்பது ஏரிக்கு ஏரி மாறும்.

ஏரியே இறங்கிக்கொண்டிருக்கிறது

இத்தனை கேள்விகளுக்கு வாசல் திறந்த அல்சிச்சிக்காவின் நிலைமை நன்றாக இல்லை. அதற்கு முக்கிய நீர்வரத்து நிலத்தடி நீர். சுற்றியுள்ள சமவெளியிலோ பாசனத்துக்காக நிலத்தடி நீர் உறிஞ்சப்படுகிறது. மழை குறைந்த, ஆவியாதல் அதிகமான பகுதி அது. ஏரியின் நீர்மட்டம் இறங்கியிருப்பதற்குக் கரையே சாட்சி. ஒரு காலத்தில் தண்ணீருக்குள் வளர்ந்த வெள்ளைப் பாறைகள் இன்று வெயிலில் காய்ந்து நிற்கின்றன. தண்ணீருக்கு வெளியே வந்த பாறையின் மேல் அந்த நுண்ணுயிர்ப் படலம் வளராது.

அந்த ஏரியில் மட்டுமே வாழும் ஒரு சிறு மீன் இனமும், டெய்லர் சாலமாண்டர் என்ற நீர்வாழ் உயிரினமும்கூட இதே தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. மீனும் சாலமாண்டரும் குறைந்தால் யாராவது கவனிப்பார்கள், புகைப்படம் வரும். ஒரு நுண்பாசி அழிந்தால் தெரியவே தெரியாது.

குளோயோமார்கரிட்டா தப்பித்துவிட்டது. அதன் மாதிரிகள் பாதுகாப்பாக வளர்க்கப்படுகின்றன, மரபணு வரிசையும் படிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே பாறைப் படலத்தில் இன்னும் பெயர் வைக்கப்படாத, யாரும் தனியாகப் பிரித்து வளர்க்காத நுண்ணுயிர்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு ‘வேட்பாளர்’ பட்டம்கூட இன்னும் கிடைக்கவில்லை. அவை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள, முதலில் அந்தப் பாறைகள் தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும்.